பசை காய்வதற்குள்

பழைய காகிதக் கட்டு எதுவானாலும் பாக்கியலட்சுமி முதலில் மோந்துதான் பார்ப்பார். புழுங்கிய வாடை வந்தால் பூஞ்சை பிடித்திருக்கிறது என்று அர்த்தம். வாடை இல்லையென்றால்தான் கட்டுக்குள் விரலை விடுவார். அப்போதும் ஒரு கண் கடை வாசலில் இருக்கும், தனக்குப் போட்டியாக வேறு யாராவது வந்துவிடுவார்களோ என்று.

அவருக்கு வேலை பேருந்து ஓட்டுவது, வீடு பொங்கோலில். ஓய்வு நாளில் தேக்கா சந்தைக்குக் காய்கறி வாங்கப் போவதாகக் கணவர் ரத்னவேலிடம் சொல்லிவிட்டுக் கிளம்புவார். காய்கறியும் வாங்குவார். ஆனால் அதற்கு முன்பே பழம்பொருள் விற்கும் கடைத்தொகுதிகளில் ஏறி இறங்கியிருப்பார். பீங்கான் சாடி, சுவர்க் கடிகாரம் எதையும் திரும்பிப் பார்ப்பதில்லை. சிங்கப்பூரில் தமிழில் அச்சான துண்டுத்தாள்தான் வேண்டும்: கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ், கருமாதிப் பத்திரிகை. “செத்தவங்க காகிதத்த எல்லாம் வீட்டுக்குள்ள கொண்டுவர்றியே” என்று ரத்னவேல் ஒருமுறை சலித்துக்கொண்டார். அதிலிருந்து அவற்றை மட்டும் தனிப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறார், கணவர் படுக்கும் பக்கமாக.

கைப்பையில் பணப்பை இருக்கிறதோ இல்லையோ, பிளாஸ்டிக் உறைகளும், மாத்திரைப் புட்டிகளிலிருந்து சேர்த்த ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களும் இருக்கும். வானம் கறுத்தால் போதும், ஜன்னலைச் சாத்தியாச்சா என்று வீட்டுக்குப் போன் பண்ணுவார்.

சென்ற மாதம் வேலைக்குப் போகிற வழியில், வயதான லிம்மின் கடையில் கீழ்த்தட்டில் ஒரு கட்டு அகப்பட்டது. மேலாக இருந்தது துறைமுகத் தொழிலாளர்கள் போட்ட நாடகத்தின் நோட்டீஸ். அடுப்படிக் காட்சியில் வந்துபோனவர் பெயர்கூட அச்சாகியிருந்தது. அதைச் சீருடையோடு பேருந்துக்கு எடுத்துப்போக முடியாது. மறுநாள் ஓய்வு; வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லி எடுத்துவைக்கும்படி கேட்டுக்கொண்டார்.

அன்று மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடியைத் துடைப்பான் துடைக்கத் துடைக்க, லிம் கடையில் ஒழுகும் ஏர்கான் பெட்டிதான் அவர் கண்ணில் தெரிந்தது. ஒரு நிறுத்தத்தில் எல்லோரும் ஏறிய பிறகும் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “ஆன்ட்டி, போலாமா?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்ட பிறகுதான் மூடினார்.

மறுநாள் போனால் கட்டு இல்லை. லிம்மின் மகள் விவரம் தெரியாமல் விற்றுவிட்டாளாம். காத்தோங் பகுதியில் கஃபே திறக்கப்போகிற ஒரு பெண் வாங்கிப் போனாளாம், சுவரில் ஒட்டி அலங்காரம் பண்ணுவதற்கு. பாக்கியலட்சுமி அந்த இடத்திலேயே டாக்சி பிடித்தார். முன்னால் போன வண்டி ஊர்ந்தபோதெல்லாம் அவருடைய வலது கால் தானாகத் தரையை மிதித்தது.

கஃபேக்காரி டானியலா ஏணிமேல் பசைத் தூரிகையோடு நின்றிருந்தாள். பாதிச் சுவர் முடிந்துவிட்டது. சில தாள்கள் தலைகீழாக இருந்தன. சாப்பாட்டு மேசைக்கு நேர் மேலே ஒரு கருமாதிப் பத்திரிகை. பாக்கியலட்சுமி வாசலில் நின்றபடியே அதை உரக்க வாசித்தார். டானியலா மெதுவாக ஏணியைவிட்டு இறங்கினாள். பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தவள்தான். எழுத்து அழகாக இருந்தது, என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லை என்றாள்.

“பசை இன்னும் காயலல்ல?”

“காலையில ஒட்டினது ஆன்ட்டி. இப்ப எடுத்தா கிழிஞ்சிடும்லா.”

கிழிந்தது. ஈரத்துணியால் ஒற்றி இழுத்த முதல் பத்திரிகையில் மணமகன் பெயர் இருந்த பாதி கையோடு வந்தது. மணமகள் சுவரிலேயே தங்கிவிட்டாள். பாக்கியலட்சுமி அடுத்த தாளைத் தொடவே பயந்து நின்றார். டானியலா உள்ளே போய், காப்பி இயந்திரத்தின் நீராவிக் குழாயில் துணியைக் காட்டி, ஆவி பறக்கக் கொண்டுவந்து நீட்டினாள். சூட்டில் பசை இளகிற்று. அடுத்தது முழுசாக வந்தது.

எல்லாம் வரவில்லை. நாடக நோட்டீஸின் கீழ்மூலை போயிற்று. அதோடு இரண்டு நடிகர்களும் போனார்கள். கருமாதிப் பத்திரிகை அசையவே இல்லை. அதன்மேல் வேறு எதையும் ஒட்டப்போவதில்லை என்று டானியலா சொன்னாள். மாலைக்குள் மேசைகள் எல்லாவற்றிலும் ஈரத் தாள்கள் பரந்து கிடந்தன. கடைசியாக வந்தது ஒரு சின்னக் காதுகுத்துப் பத்திரிகை.

“இதுல உங்க சொந்தக்காரங்க யாராச்சும் இருக்காங்களா ஆன்ட்டி?”

“ஒருத்தரையும் தெரியாதும்மா. பேரு போட்டிருக்குல்ல.”

டானியலா மின்விசிறியைப் போடப் போனாள். தாள் பறந்துவிடும், வேண்டாம் என்று கையமர்த்தினார் பாக்கியலட்சுமி. பிறகு மேசைமேல் குனிந்து, மை கலங்கத் தொடங்கியிருந்த அந்தக் குழந்தையின் பெயரின்மேல், சூடான பாலை ஆற்றுவதுபோல் மெல்ல ஊதினார்.