பக்கத்து வீட்டுச் சொம்பு

நான் தமிழ் டீச்சர். ஒன்பதாம் வகுப்புக்கு ஆண்டுதோறும் விருந்தோம்பல் பாடம் நடத்துவேன். வந்தவரை எப்படி வரவேற்பது, எதை முதலில் பரிமாறுவது, எப்படி வழியனுப்புவது, எல்லாமே வீட்டுக்காரருக்குச் சொல்கிற புத்திமதிதான். வருகிறவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு வரி கிடையாது. அந்தப் பாடம் வந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் வீட்டில் சமைத்து வைத்துவிட்டுக் காத்திருக்க ஆள் உண்டு, சாப்பிடத்தான் ஆள் வராது.

நாங்கள் ஊருக்கு வெளியே ஒதுக்கி வைத்த காலனியிலிருந்து வந்தவர்கள். படித்து, வேலைக்குப் போய், லோன் போட்டு, 2009-இல் கடலூரை ஒட்டிய ஒரு புது நகரில் வீடு கட்டினோம். கணவருக்கு வெளியூரில் வேலை. வீட்டில் நானும் அம்மாவும்தான். பக்கத்து வீட்டம்மா நல்ல மாதிரி. மதில் மேலாகப் பூ கொடுப்பார், கோலமாவு வாங்கிக்கொள்வார், அம்மாவை அக்கா என்றுதான் கூப்பிடுவார். வாசல்படி ஏறியதில்லை. அதை நான் கவனித்தேன், அம்மா கவனிக்காத மாதிரி இருந்தாள்.

எனக்குச் சிதம்பரத்தில் பள்ளிக்கூடம். அங்கே கணக்கு டீச்சர் என் சிநேகிதி. மதியச் சாப்பாட்டை ஒன்றாகத்தான் பிரிப்போம். என் டப்பாவில் அம்மா வைத்துக் கொடுக்கும் கத்தரிக்காய் கொத்சுக்கு அவள் அடிமை. வழித்துத் தின்றுவிட்டு, "உங்க அம்மா கைக்குத் தங்க வளையல் போடணும் டீச்சர்" என்பாள். அதை வீட்டில் வந்து சொன்ன நாளிலிருந்து அம்மாவுக்கு ஒரே ஆசை.

"அந்த டீச்சர ஒரு நாளு கூட்டியாடி. உக்கார வெச்சு என் கையால போடணும்."

புதுமனை புகுவிழாவுக்கு அவளைக் கூப்பிட்டேன். காலையிலேயே சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள். "ரெண்டே ரெண்டு இட்லிதான் தின்னுட்டுக் கெளம்புனேன். உங்க அம்மா சமையலுக்கு வயித்துல எடம் வெச்சிருக்கேன்" என்று சிரித்தாள். கூடத்தில் உட்கார்ந்து என் சித்தியோடு பேச்சுக் கொடுத்தாள். எந்த ஊர் என்று கேட்டாள். சித்தி ஊர்ப் பேரைச் சொன்னாள். அந்த ஊரில் எந்தத் தெரு என்று கேட்டாள். "காலனிதாம்மா" என்றாள் சித்தி, சாதாரணமாக.

கணக்கு டீச்சர் முகம் மாறவில்லை. பொய் சொல்ல மாட்டேன், கொஞ்சம்கூட மாறவில்லை. ஆனால் இலை போட்டதும், "நான் சாப்பிடல டீச்சர். இன்னிக்கி எனக்கு விரதம். வர்ற வழியில திருவந்திபுரம் போய் சேவிச்சிட்டு வந்தேன்" என்றாள். காலையில் தின்ற இட்லி அவளுக்கே மறந்துவிட்டது போல.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா உள்ளேயிருந்து வந்தாள். கையில் மூடி திறக்காத கலர் பாட்டில். அவள் கண்ணெதிரே மூடியைத் திறந்து நீட்டினாள். கணக்கு டீச்சர் வாங்கிக் குடித்தாள்.

காலனியில் இது தெரிந்த ஏற்பாடு. ஊர்க்காரர் யாராவது காரியமாக வந்தால் கடையில் சீல் உடைக்காத பாட்டில் வாங்கி, அவர்கள் பார்க்கத் திறந்து கொடுப்பார்கள். நம் டம்ளர் வேண்டாம், நம் தண்ணீர் வேண்டாம். வந்தவருக்கும் சங்கடம் இல்லை, நமக்கும் முகம் விழாது. அதையெல்லாம் காலனியோடு விட்டுவிட்டு வந்தோம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா முதல் நாளே வாங்கிப் பின்கட்டில் வாளித் தண்ணீரில் போட்டு வைத்திருக்கிறாள். தன் கையால் யாருக்குப் பரிமாற ஆசைப்பட்டாளோ அவளுக்குத்தான் அந்தப் பாட்டிலும்.

எல்லோரும் போன பிறகு கத்தினேன். "நீயே அவளுக்கு வழி பண்ணிக் குடுத்துட்ட. அந்த பாட்டிலு இல்லன்னா இன்னா பண்ணியிருப்பா?"

"வெறும் வாயோட போயிருப்பா. நம்ம வூட்டுக்கு வந்தவ அப்படிப் போலாமா?"

அதற்குப் பிறகும் கணக்கு டீச்சர் என்னோடு பேசத்தான் செய்தாள். எனக்குக் காய்ச்சல் என்றால் என் வகுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வாள். கொத்சுக்கு மட்டும் டப்பாவை நீட்ட மாட்டாள். ஒரு நாள் வயிறு சரியில்லை, ஒரு நாள் டாக்டர் புளி சேர்க்கக் கூடாது என்றார். பிறகு காரணம் சொல்வதையும் விட்டுவிட்டாள். அம்மா மட்டும் கொத்சு வைக்கிற அன்றெல்லாம், "டீச்சர் தின்னாங்களா?" என்று கேட்பாள். தின்றாள் என்று சொல்லிவிடுவேன்.

2011 கடைசியில் புயல் அடித்தது. எங்கள் தெருவில் மரம் என்று ஒன்று நிற்கவில்லை. கரண்ட் இல்லை, போன் இல்லை, மோட்டார் ஓடாததால் தண்ணீர் இல்லை. கடை கண்ணி எல்லாம் மூடிக் கிடந்தது. தெருமுனைக் கைப்பம்பில் வரிசையில் நின்று அம்மா ஒரு பானை தண்ணீர் கொண்டுவந்து மூடி வைத்திருந்தாள்.

அப்போதுதான் கணக்கு டீச்சர் வந்து நின்றாள். சேலையெல்லாம் சேறு. போன் கிடைக்காமல், நான் இருக்கிறேனா போனேனா என்று பார்க்க வந்திருக்கிறாள். பஸ் பாதி வழியோடு நின்றுவிட்டது. சாய்ந்த மரங்களையெல்லாம் தாண்டித் தாண்டி வெயிலில் நடந்து வந்தவள், என்னைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். நானும் அழுதேன். அத்தனை நாள் கோபமும் எங்கே போனதென்று தெரியவில்லை.

உட்கார்ந்தாள். அம்மாவைப் பார்த்து, "கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா" என்றாள்.

அவளாகக் கேட்டாள். பானை அவளுக்கு எதிரில்தான் இருந்தது, டம்ளர் அதன் மூடி மேல் இருந்தது. அம்மா பானைப் பக்கமே போகவில்லை. பின்கதவு வழியாக ஓடினாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு பித்தளைச் சொம்பு.

"பக்கத்து வூட்டுத் தண்ணிதாம்மா. தெகிரியமா குடிங்க."

கணக்கு டீச்சர் சொம்பைப் பார்த்தாள், பானையைப் பார்த்தாள். வாங்கி அண்ணாந்து முழுவதையும் குடித்தாள். கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டுக் கிளம்பினாள்.

"நம்ம பானையில மோந்து குடுக்கறதுக்கு இன்னா கேடு? அவளே கேட்டாளே. குடிச்சிருப்பா எம்மா" என்றேன்.

அம்மாவுக்கும் கோபம் வந்தது. "குடிக்கலன்னா? அம்மாந்தூரம் நடந்து தொண்ட காஞ்சி வந்தவள நிக்க வெச்சு, உன்ன மாதிரி பரீட்ச வெக்கச் சொல்றியா?"

சொம்பைக் கழுவி எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். அந்தம்மா வாசலில்தான் நின்றிருந்தார். நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சிரித்த முகமாகச் சொன்னார்.

"இருக்கட்டும் டீச்சர். எங்க வூட்ல சொம்பு ஜாஸ்தி கெடக்கு. நீங்களே வெச்சிக்குங்க."

வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் சொம்பை வாங்கிப் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்தாள். எங்கள் பாத்திரங்களோடு சேர்க்காமல் அலமாரியில் தனியாக எடுத்து வைத்தாள்.

"யாருனா வந்தா ஆவும்" என்றாள்.