பதினொரு மணிக் கூட்டம்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் கேட் அறைக்கு வந்து நீளமான ஒரு நோட்டை என் மேசையில் வைத்தார். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் அறுபது வீடுகள் கொண்ட அடுக்குமாடி அது. நான் அங்கே பகல் காவலாளி.

"எல்லா வீட்லயும் ஒரு கையெழுத்து வாங்கிடுங்க. போன மாசம் கூட்டம் நடந்த மாதிரி காட்டணும்" என்றார்.

போன மாதம் கூட்டம் எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் மொட்டை மாடிக்கு நாற்காலிகளை ஏற்றி இறக்கியவன் நானாகத்தான் இருப்பேன். அவர் போன பிறகு, நோட்டோடு வைத்துவிட்டுப் போன மைப்பெட்டியைத் திறந்தேன். சங்கத்து முத்திரை குத்துவதற்கான ஊதா மை. அந்த வாசனையை விவரிக்கச் சொன்னால் எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் ஒரே அறையில் இருந்தால் எப்படி இருக்குமோ அப்படி. முகர்ந்த உடனே என் காலடியில் கடற்கரை மணல் வந்துவிட்டது.

பதினேழு வேலை பார்த்திருக்கிறேன், உட்கார்ந்து எண்ணிய ஒரு நாள் கணக்கு அது. எட்டாவது வரை படித்தேன், ஒன்பதாவதில் பதினாறு நாள் உட்கார்ந்தேன். மாமல்லபுரத்தில் கல் பட்டறையில் மெருகு போடும் மெஷின் பிடித்தேன், இருமல் வந்தது, விட்டேன். ஹோட்டலில் தட்டு கழுவினேன், கையில் புண் வந்தது, விட்டேன். மீனுக்கு ஐஸ் உடைக்கும் வண்டியில் போனேன், வண்டியே நின்றுவிட்டது. அதற்கப்புறம்தான் அந்த ஊராட்சி அலுவலகம். ஊர்ப் பெயர் வேண்டாம். மாமல்லபுரத்துக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் தண்ணீர் மோட்டார் போடுவேன், அலுவலகத்தைப் பெருக்குவேன், கொடிநாள் வந்தால் மைக் செட் கட்டிய ஆட்டோவில் உட்கார்ந்து அறிவிப்புச் செய்வேன். உடைந்த நாற்காலிகளும் பழைய கொசு மருந்து மெஷினும் போட்டிருந்த பின்னறையில் படுக்கை. எனக்கு அந்த அறை பிடித்திருந்தது. மழைக்கு ஒழுகாத ஓர் அறை அதற்கு முன்னால் எனக்கு வாய்த்ததில்லை.

கிராம சபை என்றால் என்ன என்று அங்கே போன பிறகுதான் தெரிந்துகொண்டேன். குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள் என்று வரிசையாக வரும். ஊரில் ஓட்டு உள்ள எல்லோரும் வந்து உட்காரலாம், கேள்வி கேட்கலாம். ஏழு நாளைக்கு முன்பே அறிவிக்க வேண்டும். எங்கே, எப்போது, எதைப் பற்றி என்று எழுதி ஒட்ட வேண்டும். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் ஊராட்சிச் செயலர். ஊரே அவரைக் கிளார்க் சார் என்று கூப்பிடும். சட்டத்தை ஒரு வார்த்தை விடாமல் சொல்வார். சொல்லி முடித்ததும் சிரிப்பார்.

"சட்டம் கரெக்டா கீதுப்பா. ஜனங்கதான் வர மாட்டேங்கறாங்க. நாம இன்னா பண்றது?"

நாங்கள் பண்ணியது இதுதான். அறிவிப்பை அலுவலகக் கதவின் உட்பக்கம் ஒட்டுவோம். கதவு திறந்திருந்தால் அது சுவரோடு ஒட்டிக்கொள்ளும், மூடியிருந்தால் உள்ளே இருப்பவர்கள்தான் படிக்கலாம். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே நான் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கிவிடுவேன். எழுதத் தெரியாதவர்களுக்கு மைப்பெட்டி. அன்றைக்குக் காலையில் பேனர் கட்டி, ஆறேழு பேரை நிற்க வைத்து ஒரு போட்டோ. தீர்மானங்களைக் கிளார்க் சார் பிறகு ஆற அமர எழுதிக்கொள்வார். கையெழுத்துகளுக்கு மேலே அதற்கென்று நாலு பக்கம் காலியாக விட்டிருக்கும்.

இது தப்பு என்று எனக்கு அப்போது தோன்றியதா? தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால், வருஷத்தில் நான் ஆவலாகக் காத்திருந்த வேலையே அதுதான். மற்ற நாட்களில் அந்த ஊரில் என்னை யாரும் ஏனென்று கேட்டதில்லை. தண்ணீர் வரவில்லை என்றால் திட்டுவார்கள், வந்தால் பேச மாட்டார்கள். ஆனால் பதிவேட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனால் கதவைத் திறப்பார்கள். உட்காரச் சொல்வார்கள். நாஸ்தா ஆச்சா என்று ஒரு வீட்டில் கேட்பார்கள், எந்த ஊர் என்று இன்னொரு வீட்டில் கேட்பார்கள். ஒரு பாட்டியம்மாவின் கட்டை விரலைப் பிடித்து மையில் அழுத்திக் காகிதத்தில் வைக்கும்போது, ஒரு மனுஷக் கையைத் தொட்டு எத்தனை நாளாச்சு என்று நினைத்துக்கொள்வேன். ஒரே நாளில் முடிக்க வேண்டிய வேலையை இரண்டு நாள் இழுப்பேன்.

எனக்கு அந்த ஊரில் ஓட்டு இல்லை. எந்த ஊரிலும் இல்லை. ஊர் முழுக்கக் கையெழுத்து வாங்கியவன் பெயர் அந்தப் பதிவேட்டில் ஒரு பக்கத்திலும் கிடையாது. இதைச் சொன்னபோது சிரித்தவர் ஜரீனா அக்கா.

அக்காவுக்குச் சின்ன வயதிலேயே போலியோ. இரண்டு காலும் வராது. கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி வைத்திருந்தார். பெரிய ரோட்டு பஸ் ஸ்டாப் பக்கத்தில் தையல் கடை. வீட்டிலிருந்து கடைக்கு நேராக ஒரு சிமென்ட் பாதை உண்டு. இரண்டு பக்கமும் சவுக்குத் தோப்பு. காலையில் அந்த வண்டிச் சங்கிலியின் கிறீச் சத்தம் கேட்டால் மணி எட்டரை என்று மோட்டாரை நிறுத்துவேன். வேறு வழி என்றால் கடற்கரையைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும், முழுக்க மணல்.

மே நாள் கூட்டத்துக்காக அக்கா வீட்டுக்குப் போனேன். டீ கொடுத்தார். அந்த வீட்டு டீயில் ஏலக்காய் தட்டிப் போட்டிருக்கும்.

"இன்னா பேசப் போறாங்க தம்பி? நோட்டீஸ்ல போடலியே" என்றார். நோட்டீஸைப் படிப்பதற்காகவே அலுவலகக் கதவை என்னைச் சாத்தச் சொல்லிவிட்டு, வெளியே வண்டியில் இருந்தபடி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த ஒரே ஆள் அவர்தான்.

"வழக்கமானதுதான்க்கா. தண்ணி, லைட்டு."

"தோப்ப யாரோ ரிசார்ட்டுக்கு வாங்கிக்கீறாங்களாமே. பாதையில கல்லு நட்டு அளந்துகினு இருந்தானுங்க. அத நான் கேக்கணும்."

"வந்து கேளுங்கக்கா. பதினோரு மணிக்கு."

"அப்ப அங்க வந்தே கையெழுத்து போடறேன்."

"வரப் போறவங்க பேரைத்தான்க்கா எழுதினு போறேன். இப்பவே போட்டுட்டா எனக்கு ஒரு வேலை மிச்சம்."

அவர் பதிவேட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "டீய ஆற வெக்காத" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அழகான கையெழுத்து. துணியில் சாக்குக்கட்டியால் கோடு போடுகிற மாதிரி, நடுவில் எங்கும் கை எடுக்காமல்.

மே நாளன்று காலை ஒன்பதரைக்கே போட்டோ எடுத்து முடித்துவிட்டார்கள். கிளார்க் சாருக்குத் திருப்போரூரில் ஒரு கல்யாணம். நான் அலுவலகத் திண்ணையோரம் நின்று பேனரை மடித்துக்கொண்டிருந்தேன். கிறீச் சத்தம் கேட்டது. அக்கா நல்ல புடவை கட்டி, மடியில் ஒரு நோட்டோடு வந்துகொண்டிருந்தார். கேட்க வேண்டியதை வரிசையாக எழுதி வைத்திருந்தார் போல.

"எங்க தம்பி, யாரையும் காணோம்?"

"முடிஞ்சிடுச்சுக்கா."

அவர் கையில் கட்டியிருந்த வாட்ச்சைப் பார்த்தார். "இன்னும் பத்தேமுக்கால்கூட ஆவலியே."

நான் பேனரை மடித்தேன். மடித்ததையே திரும்பப் பிரித்து மடித்தேன்.

"சரி, நான் வந்தேன்னு எழுதிக்கோ."

"நீங்கதான் ஏற்கெனவே கையெழுத்து போட்டுட்டீங்களேக்கா" என்றேன்.

கிண்டலாகச் சொல்லவில்லை. ஆறுதலாகத்தான் சொன்னேன், அதுதான் கொடுமை. அவர் பதினொரு மணி ஆகும்வரை அங்கேயே வண்டியில் உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே போய்விட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், ஒரு காக்காய் மட்டும் அவர் முன்னால் நடந்துகொண்டிருந்தது.

மழைக்கு முன்னால் பாதையின் இரண்டு முனையிலும் இரும்பு கேட் போட்டார்கள். அக்கா மனு எழுதித் தீர்மானத்தின் நகலை வாங்கினார். அந்தப் பாதை பொதுமக்கள் உபயோகத்தில் இல்லை, அதை மூடுவதில் ஆட்சேபணை இல்லை என்று கிராம சபை ஒருமனதாகத் தீர்மானித்திருந்தது. கீழே கையெழுத்துகள். பதினான்காவது அவருடையது.

அவர் புகார் கொடுத்ததால் ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி விசாரிக்க வந்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். வெயிலில் வந்ததால் முதலில் தண்ணீர் கேட்டார். ஊரில் பாதிப் பேர் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போய்விட்டார்கள், மீதிப் பேர் நமக்கு எதற்கு என்று இருந்துவிட்டார்கள். சாட்சி என்று இருந்தவன் நான் ஒருவன்தான். முந்தின நாள் கிளார்க் சார் என் பின்னறைக்கு வந்து, உடைந்த நாற்காலியில் பார்த்து உட்கார்ந்து சொன்னார்: "டேங்க் ஆபரேட்டர் வேலைய உனக்கே போட்டுத் தரச் சொல்லிக்கீறேன். இந்த அட்ரஸ்லயே ரேஷன் கார்டு, ஓட்டு எல்லாம் பண்ணிக்கலாம். நாளைக்கு ஒரே ஒரு வார்த்தைதான்."

அதிகாரி கேட்டார்: "மே நாள் அன்னிக்குக் கூட்டம் நடந்துச்சாப்பா?"

அக்கா வாசலில் வண்டியில் இருந்தார். படி இருந்ததால் உள்ளே வர முடியாது. ஜன்னல் கம்பி வழியாக என்னைப் பார்க்கிறார் என்று தெரிந்தது.

"நடந்துச்சு சார்" என்றேன்.

"எத்தனை மணிக்கு?"

"பதினோரு மணிக்கு சார்."

அவர் எழுதிக்கொண்டார். அக்கா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வண்டியைத் திருப்பும்போது, "பதினோரு மணிக்கு நான் இங்கதான இருந்தேன் தம்பி" என்றார். அவ்வளவுதான். குரல்கூட உயரவில்லை.

அதற்கப்புறம் எட்டரைக்குச் சங்கிலிச் சத்தம் வரவில்லை. மணல் வழியில் யாராவது வண்டியைத் தள்ளினால் கடைக்குப் போவார். தள்ள ஆள் இல்லாத நாளில் கடை திறக்காது. அடுத்த கூட்டத்துக்குப் பதிவேட்டோடு போனேன். கதவைத் திறந்தார்கள், கையெழுத்துப் போட்டார்கள். ஆனால் யாரும் உட்காரச் சொல்லவில்லை. அக்கா வீட்டுத் தெருவுக்குள் நான் போகவே இல்லை, அந்தப் பத்து வீட்டுக் கையெழுத்தையும் நானே போட்டேன். மறுநாள் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். டேங்க் வேலைக்கு உத்தரவு வந்ததா என்று தெரியாது.

அந்த ஊதா மை வாசனைக்குப் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. செவ்வாய்க்கிழமை லீவு சொல்லிவிட்டுப் போனேன். செங்கல்பட்டு வந்து, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம், அங்கிருந்து இன்னொரு பஸ். பஸ் ஸ்டாப்பில் தையல் கடை இல்லை, டூ வீலர் வாடகைக்கு விடுகிற கடை இருந்தது. "தையல் அக்காவா? அவங்க போய் ரொம்ப வருசம் ஆச்சே அண்ணாத்த. எங்கன்னு தெரியல" என்றார் அந்த ஆள்.

பாதை இருந்த இடத்தில் ரிசார்ட் கேட். என்னைப் போலவே யூனிஃபார்ம் போட்ட ஒருவர் எழுந்து வந்தார். இங்கே ஒரு சிமென்ட் பாதை இருந்தது என்றேன். உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டு, "புல்லுதான் கீது" என்றார். பிறகு நோட்டை நீட்டினார். "உள்ள போவலன்னாலும் பரவால்ல, வந்ததுக்கு ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போங்க. யாரும் வரலன்னா மேனேஜர் கத்துவாரு."

நான் போடவில்லை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மணல் வழியில் நடந்தேன். அந்த வழியில் நான் அதற்கு முன் ஒரு தரம்கூட நடந்ததில்லை. ஷூவுக்குள் மணல் நிறைந்தது, கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். இரண்டு காலும் உள்ள எனக்கே இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. அக்கா வீடு இருந்த வரிசை முழுக்கத் தங்கும் அறைகளாகியிருந்தது.

ஊராட்சி அலுவலகம் புதுக் கட்டடம். வாசலில் வண்டி ஏறுவதற்குச் சாய்வுப் பாதை போட்டிருந்தார்கள், கைப்பிடியோடு. வெளிச்சுவரில் கண்ணாடிப் பலகைக்குள் அடுத்த கிராம சபைக்கு அறிவிப்பு. நாள், இடம், பேசப் போகும் பொருள்கள் ஒன்று முதல் ஒன்பது வரை. வெயிலில் நின்று ஒவ்வொரு வரியாகப் படித்தேன். நேரம் காலை பதினொரு மணி என்று இருந்தது. ஊர் வாக்காளர் அனைவரும் வருக என்று கடைசி வரி.

இன்று காலை செயலாளரிடம் நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன், மைப்பெட்டியையும். "கூட்டம் வைங்க சார், ஒவ்வொரு வீடா போய்க் கூப்பிடறது என் வேலை" என்றேன். யார் வரப் போகிறார்கள் என்று சிரித்தார். ஒருத்தர் வருவார் சார் என்று சொல்ல வாயெடுத்தேன். கேட்டைத் திறக்கச் சொல்லி ஒரு கார் ஹாரன் அடித்தது, போய்விட்டேன்.