நடுக்கடலில் மோட்டரை நிறுத்தச் சொன்னவர்

என் தம்பி பிறந்த அன்று நெடுந்தீவுக் கடலில் அலையே இருக்கவில்லை. சோளகக் காற்று ஓய்ந்து வாடைக் காற்று இன்னும் எழாத நாட்கள். தண்ணீர் வெய்யிலில் எண்ணெய் போலப் பளபளத்துக்கொண்டு கிடந்தது. எனக்கு அப்போது ஏழு வயது.

காலையிலேயே அம்மாவுக்குப் பிள்ளை பெறும் நோ தொடங்கிவிட்டது. மருத்துவிச்சி அக்கா சைக்கிளில் வந்தார். படிப்பு முடித்து எங்கள் தீவுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத இளம் பெண். அவருடைய பையில் புனல் போல வாய் விரிந்த ஒரு மரக்குழல் இருந்தது. விரிந்த பக்கத்தை அம்மாவின் வயிற்றில் ஊன்றி, மறு பக்கத்தில் காதை வைத்து, கையை எடுத்துவிட்டு, சட்டையில் குத்தியிருந்த சின்ன மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். உள்ளேயிருந்து பிள்ளை அவருடன் கதைக்கிறது என்று நான் நம்பினேன். என்ன சொல்கிறது என்று கேட்டேன்.

“வாறன் வாறன் எண்டு ஓடி வருது” என்றார்.

மத்தியானம் ஆகும்போது அவர் சிரிப்பதை விட்டுவிட்டார். ஒவ்வொரு நோவும் விட்ட கையோடு குழலை வைத்தார். பிறகு அப்பாவைக் குசினி அடுப்படிக்குக் கூப்பிட்டுப் பேசினார். நோ வரும்போது பிள்ளையின் இதயத் துடிப்புக் குறைவதுண்டாம். ஆனால் நோ விட்ட பிறகும் அது பழையபடி ஏற நேரமெடுத்துச் சுணங்குகிறதாம். தீவில் அன்று டொக்டர் இல்லை. அக்கரைக்குக் கொண்டுபோவதைத் தவிர வேறு வழியில்லை என்றார். என்னை விட்டுப்போக ஆளில்லாததால் என்னையும் தூக்கி வள்ளத்தில் ஏற்றினார்கள். எனக்கோ திருவிழாவுக்குப் போகும் சந்தோஷம்.

அம்மாவை இடப்பக்கமாகச் சரித்துப் படுக்க வைத்திருந்தார்கள். பாதிக் கடல் தாண்டியிருப்போம், பிள்ளையின் அசைவு தெரியவில்லை என்று அம்மா சொன்னார். அக்கா குனிந்து குழலை வைத்தார். நிமிர்ந்தார். மறுபடி வைத்தார். மோட்டரின் இரைச்சலில் வள்ளமே அதிர்ந்துகொண்டிருந்தது.

“மோட்டரை நிப்பாட்டுங்கோ அண்ணை.”

“பழைய மோட்டர் தங்கச்சி. நிப்பாட்டினா உடனை ஸ்ராட் வராது” என்றார் வள்ளக்காரர்.

அப்பா நிறுத்த வேண்டாம், கெதியாய்ப் போவோம் என்றார். அக்காவின் முகம் வெளிறியிருந்தது. வள்ளக்காரர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். அப்போதுதான் அம்மா கண்ணைத் திறந்தார்.

“நிப்பாட்டட்டும். எனக்குத் தெரியவேணும்.”

மோட்டர் நின்றது. அப்படி ஒரு அமைதியை நான் அதன் பிறகு எங்கும் கேட்டதில்லை. எங்கள் தீவு பின்னால் ஒரு கோடாய் மங்கிக் கிடந்தது. முன்னால் புங்குடுதீவுப் பனைகள் தண்ணீருக்கு மேலே மிதப்பது போலத் தெரிந்தன. வள்ளக்காரர் துடுப்புத் தண்டுகள் பலகையில் தட்டாதபடி இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தார். அப்பா மூச்சு விட்டதாகவே தெரியவில்லை. வானமும் கடலும் ஒரே வெளிச்சமாய்க் கலந்து, வள்ளம் எதன்மேல் நிற்கிறது என்றே எனக்குத் தெரியாமல் போனது. அக்காவின் உதடுகள் மட்டும் எண்ணிக்கொண்டிருந்தன.

பிறகு அவர் அம்மாவை மெல்ல மற்றப் பக்கம் திருப்பினார். மறுபடி காதை வைத்தார். நெடுநேரம்.

“துடிப்பு ஏறுது. நல்லா ஏறுது” என்றார்.

அம்மா அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வள்ளக்காரர் கயிற்றைச் சுற்றி இழுத்தார். மோட்டர் இருமிவிட்டு நின்றது. மறுபடி இழுத்தார், மறுபடியும் நின்றது. அக்கா தலையை நிமிர்த்தவே இல்லை. கடைசியில் அது பிடித்துக்கொண்டபோது அப்பா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். வெய்யில் கண்ணில் படுகிறதாக்கும் என்று நான் நினைத்தேன்.

அக்கரையில் குறிகட்டுவான் துறையில் இறங்கி வாடகைக் காரில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பொழுது சாயும் முன்னரே தம்பி பிறந்துவிட்டான். அவன் வீறிட்டு அழுதது வெளி விறாந்தைவரை கேட்டது. அப்பா சீனி தூவிய பணிஸ் வாங்கித் தந்தார். அதைத் தின்றுகொண்டே நடந்தபோது, விறாந்தையின் கடைசி வாங்குப் பலகையில் மருத்துவிச்சி அக்கா தனியாக இருப்பதைக் கண்டேன். தோள் குலுங்கக் குலுங்க அழுதுகொண்டிருந்தார்.

பாவம், அவருக்கு ஒருவரும் சொல்லவில்லைப் போலும் என்று எண்ணி ஓடிப்போய்ச் சொன்னேன்.

“அக்கா, தம்பி பிறந்திட்டான்.”

“ஓமடி குஞ்சு” என்றார். “கேட்டனான்.”

கேட்ட பிறகும் ஏன் அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. மிச்சப் பணிஸை அவர் கையில் வைத்துவிட்டு, தம்பியைப் பார்க்க ஓடினேன்.