இருதயமேரியும் உத்தரவு தராத இருபத்துமூன்று ஆடுகளும்

1986-இல் திண்டிவனத்திலிருந்து அரபு நாட்டுக்குப் போக இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டு, தபால்காரர் தினமும் நம் வீட்டை மட்டும் பார்க்காமல் சைக்கிளில் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது. கிளியனூர் பக்கம் பாதி இளைஞர்கள் அந்த வழியில்தான் நின்றார்கள். இரண்டாவது வழி சுலபம். செம்மறி ஆடாகப் பிறந்திருந்தால் போதும். மூன்றே நாளில் கப்பல்.

அந்த மூன்று நாளும் ஆடுகள் தங்கும் இடத்தில்தான் இருதயமேரிக்கு வேலை. கிளியனூர் சாலையில் ஒரு காலத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலையை எண்ணெயாக ஆட்டிக்கொண்டிருந்து பிறகு படுத்துப்போன மில் அது. சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு ஆடு பிடித்துத் தரும் ஏஜெண்டு கோதண்டபாணி அதை வாடகைக்கு எடுத்து, மூங்கில் தடுப்பு கட்டி, வாசலில் ‘கால்நடை ஏற்றுமதி நிலையம்’ என்று போர்டும் மாட்டியிருந்தார். போர்டு மட்டும் புதுசு. கூரையில் நாலு இடத்தில் வானம் தெரிந்தது.

இருதயமேரிக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். சொந்தமாகக் காலடி நிலம் கிடையாது. மல்லாட்டை ஆய்வது, நாற்று நடுவது, அடுத்தவர் ஆட்டை வாரத்துக்கு வளர்த்துக் குட்டியில் பங்கு வாங்குவது என்று எதெது கிடைக்கிறதோ அது. கணவர் சவுரிராயன் செங்கல் சூளையில் கல் அறுப்பவர். அதிகம் பேசாதவர். இவளே இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிவிடுவாள்.

அவளிடம் ஒரு வியாதி இருந்தது. எதிரில் இருப்பவர் சாப்பிடாவிட்டால் இவளுக்குச் சோறு இறங்காது. கல்யாண வீட்டுக்குப் போனால் மணமக்களைப் பார்க்க மாட்டாள். பந்தியைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். மூன்றாவது இலையில் ஒருவர் சாதத்தை ஒதுக்கினால், “இன்னா சாமி, ஒடம்புக்கு ஆவலயா?” என்று போய் நிற்பாள். மாப்பிள்ளை வீட்டார் அவளைச் சமையல்காரர் என்று நினைப்பார்கள். சமையல்காரர் மாப்பிள்ளை வீட்டார் என்று நினைப்பார்.

இப்படிப்பட்டவளிடம் போய் இருநூற்றுப் பத்து ஆடுகளுக்குத் தீனி வைக்கச் சொன்னால் என்ன ஆகும்?

கெடாரிலும் காணையிலும் அறுத்த வயலில் மேய்ந்து வளர்ந்த ஆடுகள் அவை. தொட்டியைக் கண்டதில்லை. கம்பெனி அனுப்பிய தீவனமோ, சுண்டுவிரல் நகத்தளவு உருளை உருளையாக, மருந்துக்கடைச் சரக்கு மாதிரி இருந்தது. இருதயமேரி அதற்கு ‘மாத்திரை’ என்று பேர் வைத்தாள். கப்பலில் பத்து நாளைக்கு அதுதான் சாப்பாடு. பெரும்பாலான ஆடுகள் முதல் நாள் முறைத்துவிட்டு, இரண்டாம் நாள் ஒன்றைப் பார்த்து ஒன்று தின்னப் பழகிவிடும். ஆனால் ஒவ்வொரு தடவையும் இருபது இருபத்தைந்து ஆடுகள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூலையில் நிற்கும். மூன்றாம் நாள் லாரி வந்துவிடும்.

“தின்னாத ஆடுங்க கப்பல்ல இன்னா ஆவுது?” என்று துறைமுகத்துக்குப் போய்வரும் லாரி டிரைவரை ஒருநாள் கேட்டாள்.

“இன்னா ஆவும்? நாலு நாள்ல வுழுந்துடும். தூக்கிக் கடல்ல போட்டுடுவாங்களாம்.”

அன்றைக்கு இருதயமேரி கொண்டுவந்திருந்த கேப்பைக்கூழ் அப்படியே வீட்டுக்குத் திரும்பிப் போயிற்று.

கோதண்டபாணியிடம் சொன்னாள். “கப்பல் காத்து பட்டா பசி எடுத்துடும் மேரி. நீ பேஜாரு பண்ணாத” என்றார். அவர் கப்பலைக் காலண்டரில் பார்த்தவர். விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் வந்து சர்டிபிகேட் கொடுக்கும் கால்நடை டாக்டர் சீனுவாசனிடம் சொன்னாள். சின்ன வயசு, நல்ல பையன். நாற்றம் படாத தூரத்தில் கோதண்டபாணி போட்டுவைத்த நாற்காலியில் உட்கார்ந்து, டீ குடித்து, ‘இருநூற்றுப் பத்தும் நலம்’ என்று கையெழுத்துப் போடுவது அவர் வேலை. “நான் போடலன்னா வேற ஒருத்தர் போட்டுடுவாரும்மா” என்றார். சொல்லும்போது அவளைப் பார்க்கவில்லை, டீயைப் பார்த்தார்.

இதற்குள் ஆட்டுக்கு அரசியலும் வந்து சேர்ந்தது. ஆடு போனால் அந்நியச் செலாவணி வரும் என்றது ஒரு தரப்பு. ஆடு போனால் உள்ளூரில் கறி விலை ஏறும் என்றது இன்னொரு தரப்பு. இரண்டு தரப்பும் மைக் பிடித்துப் பேசின. ஆடு எப்படிப் போகிறது என்பதைப் பற்றி மூச்சு விடவில்லை. அதைக் கேட்டவர்கள் சென்னையிலிருந்து வந்த பிராணி நலச் சங்கத்தார் மட்டும்தான். காற்று, தண்ணீர், படுக்க இடம் என்று பதினான்கு கோரிக்கைகள். எல்லாமே நியாயம், எல்லாமே இங்கிலீஷ். நோட்டீசை இருதயமேரி வாங்கி மரியாதையாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். தின்னாத ஆட்டைப் பற்றி அதில் ஏதாவது இருந்ததா என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.

பிறகு கறி விலைத் தரப்பு விழுப்புரம் சாலையில் மறியல் செய்தது. கெடாரிலிருந்து ஆடு ஏற்றிவந்த லாரி மூன்று மணி நேரம் வெயிலில் நின்றது. ஆடு வெளிநாட்டில் சாகக் கூடாது என்று நடந்த அந்தப் போராட்டத்தில் இரண்டு ஆடுகள் உள்நாட்டிலேயே செத்தன. அவற்றை லாரியிலிருந்து இறக்கியவள் இருதயமேரி. அவற்றைப் பற்றி எந்தத் தரப்பும் பேசவில்லை.

மறியலுக்குப் பதில் சொல்லியாக வேண்டுமே. செலாவணித் தரப்பின் வட்டாரத் தலைவர் அப்பாதுரையே வந்து பச்சைக்கொடி காட்டி லாரியை அனுப்புவது என்று கோதண்டபாணி ஏற்பாடு செய்தார். ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம். பத்து மணிக்கே கொடி அசைத்துவிட வேண்டும். அந்த வாரம் தின்னாமல் நின்றவை இருபத்துமூன்று. இருதயமேரி அவற்றைத் தனியாக ஒரு தடுப்பில் விட்டு, “இதுங்கள மட்டும் வுட்டுட்டுப் போங்கண்ணே” என்று காலையிலிருந்து மூன்று தடவை கேட்டுவிட்டாள்.

“இருநூத்திப் பத்துன்னு கம்பெனிக்குத் தந்தி குடுத்தாச்சு. இன்னொரு வாட்டி கேட்டா ஒன்ன வுட்டுட்டுப் போயிடுவேன்” என்றார் கோதண்டபாணி. “அதெல்லாம் கெடக்கட்டும். தலைவர் பக்கத்துல நிக்கறதுக்கு ஒரு ஆடு வேணும். துள்ளக் கூடாது, முட்டக் கூடாது, வேட்டில ஒண்ணுக்குப் போவக் கூடாது.”

“அப்பிடியாப்பட்டது போட்டோவுலதான் கெடைக்கும்.”

அவரே தேடினார். மூலைத் தடுப்பில் கறுப்பு மூஞ்சிப் பெட்டை ஒன்று தலைகுனிந்து நின்றது. “தோ நிக்குது பாரு, பொண்ணு பாக்க வந்தாப்புல அடக்கமா.”

“அது மூணு நாளா ஒண்ணும் தின்னலண்ணே.”

“அப்ப ஒண்ணுக்கும் போவாது. ஜல்தி புடிச்சிக்கினு வா.”

சாமந்தி மாலை போட்டார்கள். வேறு ஆடாக இருந்தால் அந்த மாலை அரை நிமிடம் தாங்காது. இது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. “மரியாத தெரிஞ்ச ஆடுய்யா” என்றார் அப்பாதுரை. கைதட்டினார்கள்.

அத்தோடு கொடியை அசைத்திருக்கலாம். கோதண்டபாணிக்கு மங்களகரமாக இன்னும் ஒன்று செய்தால் தேவலை என்று தோன்றிவிட்டது. ஆட்டின் முன்னால் நிற்கிற போது அவர் கைக்குப் பழக்கமான மங்களம் ஒன்றே ஒன்றுதான். வருஷா வருஷம் குலதெய்வத்துக்குச் செய்வது. செம்பில் மஞ்சள் தண்ணீர் கரைத்து, வேப்பிலையைப் போட்டு, ஆட்டின் தலையில் ஊற்றிவிட்டார்.

ஊற்றிய பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்கே தெரிந்தது. கோயில் வாசலில் ஆட்டின் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவது ஒரு கேள்வி. ஆடு உடம்பை உதறினால் அதுதான் உத்தரவு, அப்புறம்தான் கத்தி. உதறும்வரை கூட்டமே காத்திருக்கும். உதறாத ஆட்டை யாரும் தொட மாட்டார்கள்.

கறுப்பு மூஞ்சி உதறவில்லை. மஞ்சள் தண்ணீர் மூக்கு நுனி வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கியது. தலைவர் கொடியோடு நின்றார். மணி பத்து ஐந்து.

“காதுல ஊத்துங்கப்பா” என்றார் கோதண்டபாணி. காதில் ஊற்றினார்கள். அப்போதும் ஒன்றுமில்லை.

லாரியில் ஆடு தூக்கிப் போடும் ஆட்களுக்கு மேஸ்திரி நடராசன். அவர் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். அவர் ஆட்கள் பன்னிரண்டு பேரும் அப்படியே செய்தார்கள்.

“இன்னா நடராசு?”

“உத்தரவு வரலண்ணே. நாங்க தொட மாட்டோம்.”

“யோவ், இன்னா வெட்டவா போறோம்? கப்பல்ல போறதுக்குய்யா!”

“கப்பல்ல போயி? அங்க இன்னா ஸ்கூல்ல சேக்கப் போறாங்களா?”

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. அப்பாதுரை சிரிக்கவில்லை. மேடையில் எதற்கும் அஞ்சாதவர்தான். ஆனால் உதறாத ஆட்டின் முன்னால் கொடி அசைத்து, நாளைக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால்? கொடியை மெல்ல முதுகுப்பக்கம் கொண்டு போய்விட்டார்.

இருதயமேரி வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள். மஞ்சள் தண்ணீரிலும் உத்தரவிலும் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் வாரத்துக்கு ஆடு வளர்த்தவளுக்கு ஒன்று தெரியும்: திடமான ஆட்டின் மேல் தண்ணீர் பட்டால் உதறும், காய்ச்சலோ பட்டினியோ கண்ட ஆடு நனைந்துகொண்டே நிற்கும். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“இது ஒண்ணு மாட்டேன்னுச்சுன்னா இருக்கட்டும், தலைவரே. மத்ததுங்களயும் ஒவ்வொண்ணா கேட்டுடலாமே. எது சரின்னுதோ அது போவட்டும். எது மாட்டேங்குதோ அத வுட்டுடுங்க.”

“மேரி, நீ சும்மா இரு!” என்று கோதண்டபாணி பல்லைக் கடித்தார்.

“கேக்கறதுல இன்னாய்யா தப்பு?” என்றார் அப்பாதுரை. அவருக்கு மரியாதையாகக் கீழே இறங்க ஒரு படி கிடைத்துவிட்டது. “நாம ஆட்டக்கூட கேட்டுதான் அனுப்பறோம்னு நாளைக்குப் பேப்பர்ல வரட்டும்.”

அப்புறம் நடந்ததைத் திண்டிவனத்தில் வெகு நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தலைவர் வேட்டியை மடித்துக் கட்டி முதல் பத்து ஆட்டுக்குத் தம் கையாலேயே தண்ணீர் ஊற்றினார். ஒவ்வொன்றும் உதறிய உதறலில் அவர் சட்டை மஞ்சளாயிற்று. நடராசனின் ஆட்கள் உத்தரவு கொடுத்த ஆட்டை “வாடா ராசா” என்று தூக்கிப் போட்டார்கள். ராகு காலம் வந்தது, போயிற்று, யாரும் கவனிக்கவில்லை. டாக்டர் சீனுவாசன் நாற்காலியை விட்டு எழுந்துவந்து பார்த்தார். எட்டாவது ஆட்டிலேயே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஐந்து வருஷம் படித்தவர், தாம் செய்திருக்க வேண்டிய பரிசோதனையை ஒரு செம்பு தண்ணீர் செய்துகொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மூலைத் தடுப்பில் மீதி இருந்த இருபத்திரண்டும் கடைசியாக வந்தன. ஒன்றும் உதறவில்லை.

சர்டிபிகேட்டில் டாக்டர் ‘நூற்றெண்பத்தேழு’ என்று திருத்தினார். மீதிக்குக் காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது. ‘சம்மதிக்கவில்லை’ என்று எழுதத்தான் அவருக்கு ஆசை. ‘தீனி எடுக்கவில்லை, பயணத்துக்குத் தகுதி இல்லை’ என்று எழுதினார். இரண்டு வருஷ உத்தியோகத்தில் அவர் நேரில் பார்த்து எழுதிய முதல் வரி அது.

லாரி கிளம்பியதும் கோதண்டபாணி இருதயமேரியைப் பார்த்து, “நாளைலேர்ந்து வராத” என்றார். அவள் கூழ்ச்சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் இருபத்துமூன்று ஆட்டுக்குத் தண்ணீர் வைக்க ஆள் இல்லை. உத்தரவு தராத ஆட்டைத் தொட நடராசனின் ஆட்கள் மறுத்துவிட்டார்கள். உள்ளூர்க் கறிக்கடைக்காரர் கும்பிடு போட்டுவிட்டார். வெள்ளை வேட்டியோடு கோதண்டபாணியே மாத்திரைக் கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். ஆடுகள் அவரைப் பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டன. மத்தியானம் அவர் இருதயமேரி வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினார்.

“இன்னா மேரி, வேலைக்கு வரல?”

“நீங்கதான வராதன்னீங்க.”

“வராதன்னா, வராமலே இருந்துடுவியா?”

சவுரிராயன் உள்ளேயிருந்து சிரித்தார். அவர் சிரித்து இருதயமேரியே பார்த்துப் பல நாள் ஆயிற்று.

“வர்றேன். ஆனா இனிமே எந்த ஆடு வந்தாலும் மூணு நாள்ல ஏத்தக் கூடாது. பன்னெண்டு நாள் எங்கிட்ட இருக்கணும். மல்லாட்டைக்கொடி வாங்கிப் போடுங்க. அதுல மாத்திரைய கொஞ்சங் கொஞ்சமா கலந்து நான் பழக்கறேன். அப்பவும் தின்னாததுங்க போவக் கூடாது.”

“பன்னெண்டா? எட்டு.”

“சரி, பத்து.”

பத்தில் நின்றது.

இரண்டு ஆடுகள் அன்றிரவே செத்துப்போயின. மற்ற இருபத்தொன்றுக்கு முன்னால் காய்ந்த மல்லாட்டைக்கொடியைப் பரப்பினாள். மூன்றாம் நாள் டாக்டர் சீனுவாசன் வந்தார். கூப்பிட்டு வரவில்லை, அன்றைக்குக் கையெழுத்தும் இல்லை. மூங்கில் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“மேரிம்மா, இதுங்க தின்ன ஆரம்பிச்சிட்டா அடுத்த கப்பல்ல ஏத்திடுவாங்க. தெரியுமில்ல?”

“தெரியும் டாக்டரே.”

“அப்புறம் எதுக்கு இவ்ளோ பாடு?”

“தின்னலன்னா இங்கியே செத்துடும். அதுவும் தெரியும்.” கொடியை உதறி மண்ணைத் தட்டினாள். “போறது வர்றதெல்லாம் நீங்க, தலைவரு, கம்பெனிக்காரங்க பேசி முடிவு பண்ணிக்கினு இருங்க. பசியோட போவக் கூடாது, அவ்ளோதான். இப்ப கொஞ்சம் அந்தாண்ட திரும்பிக்கோங்க.”

“எதுக்கு?”

“புது எடத்துல, பாத்துக்கினே இருந்தா அதுங்க வாய் வெக்காது. கூச்சம்.”

கால்நடை டாக்டரும் இருதயமேரியும் ஆடுகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெறும் சுவரைப் பார்த்தபடி நின்றார்கள். வெகு நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு காய்ந்த கொடி ஒன்று இழுபடுகிற சத்தம். நறுக்கென்று ஒரு கடி. சற்றுப் பொறுத்து இன்னொன்று.

“அந்தக் கறுப்பு மூஞ்சியா?” என்றார் டாக்டர், குரலைத் தாழ்த்தி.

“உஷ்” என்றாள் இருதயமேரி. “சாப்புடுது.”