ரப்பர் வேண்டாம் என்றேன்

1945-ம் வருடக் கோடைக்காலம். யுத்தம் முடியப் போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. விழுப்புரம் ரயில்வே குடியிருப்பில் எங்கள் வீட்டில் மட்டும் அப்போதுதான் ஒரு யுத்தம் ஆரம்பமாகியிருந்தது. காரணம் நான்தான்.

அப்பா ரயிலில் கார்டு. அம்மா திண்டிவனத்துக்காரி, மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிரிடும் குடும்பத்தில் பிறந்தவள். நான் ஒரே பெண். சென்னையில் விடுதியில் தங்கி இண்டர்மீடியட் முடித்திருந்தேன். அடுத்தது டாக்டர் படிப்பு, அது கிடைக்காவிட்டால் டீச்சர் டிரெயினிங். இதில் யாருக்கும் சந்தேகமே இல்லை, என்னைத் தவிர.

எங்கள் விடுதிக்கு எதிரே ஒரு பெரிய கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. கடைக்கால் தோண்டியதிலிருந்து ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருநாள் ஒருவர் சுருட்டிய காகிதங்களோடு வந்தார். எதையோ விரித்துக் காட்டினார். மறுநாள் பாதி கட்டியிருந்த மாடிப்படியை இடித்து வேறு பக்கம் திருப்பிக் கட்டினார்கள். ஏன் என்று முதலில் புரியவில்லை. படி முடிந்ததும்தான் தெரிந்தது, அதுவரை இருட்டாகக் கிடந்த கூடத்தில் வெயில் வந்து விழுந்தது. அந்த வேலை செய்கிறவருக்குப் பெயர் ஆர்க்கிடெக்ட் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அதற்குப் படிப்பும் உண்டாம். சென்னையில் ஒரு கல்லூரிக்கும் பம்பாயில் ஒரு கல்லூரிக்கும் விண்ணப்பம் போட்டுவிட்டுத்தான் வீட்டில் சொன்னேன்.

அப்பா கார்டு விளக்கைத் துடைக்கப் போய்விட்டார். அம்மா பேசினாள். "கொத்தனாரு வேலைக்கா இவ்ளோ படிச்சே?" என்று ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை.

பம்பாய்க் கல்லூரியில் ஒரு நிபந்தனை இருந்தது. நேர்முகத்துக்கு வரும்போது, ஊருக்குப் பக்கத்தில் உள்ள பழைய கட்டடம் ஒன்றைத் தானே அளந்து வரைந்து கொண்டுவர வேண்டும். நான் மண்டகப்பட்டு குகைக்கோயிலைத் தேர்ந்தெடுத்தேன். ஒரே பாறையைக் குடைந்து பல்லவ ராஜா செய்த கோயில். செங்கல், மரம், சுண்ணாம்பு எதுவுமே கிடையாது. கட்டாமலேயே நிற்கிற கட்டடம் என்பதே எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது.

பெண்ணைத் தனியாக அனுப்ப முடியாதே, அதற்காக அம்மா என்னோடு வந்தாள். அதற்காக மட்டும்தான் என்பதை வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தாள். செஞ்சி ரோட்டில் கரி பஸ். பெட்ரோல் கிடைக்காத காலம், அடுப்பைப் போலக் கரியை எரித்துத்தான் பஸ் ஓடியது. இறங்கி வயல் வரப்பில் நடந்து போனபோது எங்கள் புடவையெல்லாம் கரி.

குகை வாசலில் இரண்டு பெரிய தூண்கள். இரண்டு ஓரத்திலும் ஆளுயரத்துக்கும் மேலான காவல்காரர் சிலைகள். அப்பா இரவல் வாங்கிக் கொடுத்த அளவு நாடாவின் ஒரு முனையை அம்மா கையில் கொடுத்தேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பிடித்தாள்.

கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினேன். வயலில் வேலையாக இருந்தவர்கள் ஏழெட்டுப் பேர், ஆணும் பெண்ணுமாக வந்து நின்றார்கள். ஒருவர் கையில் மண்வெட்டி. அவர் நேரே வந்து நாடாவைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா அளந்துக்கினு கீறீங்க? எங்க நெலத்தையும் புடுங்க வந்துட்டீங்களா?"

யுத்தத்துக்காக விமானம் இறக்க நிலம் எடுக்கிறார்கள் என்று அப்போது சுற்றுவட்டாரமெல்லாம் பயம். முதலில் நாடாவோடு ஆள் வருவான், பின்னால் நோட்டீஸ் வரும். அவர்களுடைய கோபத்தில் தப்பே இல்லை. ஓடிவிடலாம் என்றால் சுற்றிலும் ஆட்கள்.

அம்மா நாடாவின் முனையை விடவில்லை.

"உங்க நெலம் எங்களுக்கு எதுக்குண்ணே? எம் பொண்ணு படிப்புக்காகக் கோயில அளக்குது."

"பொட்டப்புள்ள கல்ல அளந்து இன்னா படிக்கப் போவுது?"

"கட்டடம் கட்டப் படிக்கப் போவுது," என்றாள் அம்மா. "பம்பாய்க்குப் போயி."

நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். வீட்டில் ஒரு மாதமாக அந்தப் படிப்பின் பெயரைக்கூடச் சொல்ல மறுத்தவள். தன் காதில் விழுந்த தன் பேச்சு அவளுக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். முகம் சிவந்துபோயிற்று. ஆனால் சொன்னதை மாற்றவில்லை.

நான் பையிலிருந்த காகிதத்தை எடுத்து விரித்தேன். அதுவரை வரைந்திருந்த வாசலையும் தூணையும் காட்டினேன். மண்வெட்டிக்காரர் படத்தைப் பார்த்தார், கோயிலைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "கோயிலத்தான் போட்டுக்கினு கீது" என்றார். கூட்டத்தில் ஒரு பெண்பிள்ளை சிரித்துவிட்டாள். அதோடு எல்லாம் இறங்கிப் போயிற்று.

அதன்பிறகு எனக்கு ஆள் பஞ்சமே இல்லை. மேலே எட்டாத இடத்துக்கெல்லாம் மண்வெட்டிக்காரரே ஏணி கொண்டுவந்து ஏறி நாடாவைப் பிடித்தார். சிரித்த பெண் வேகவைத்த மல்லாட்டை கொண்டுவந்து அம்மாவின் முந்தானையில் கொட்டினாள். அம்மா இப்போது அளவுகளைச் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்திருந்தாள். நடுவில் திடீரென்று நிறுத்தி, "ஏன்டி, இந்தத் தூணு அத்தவிட ஒரு வெரக்கடை சாஸ்தியா இருக்குதே?" என்றாள். நான் நம்பவில்லை. மறுபடி அளந்தோம். உண்மைதான், ஒரு விரல் அகலம் வித்தியாசம். பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. உளி பிடித்த கை அப்படிப் போயிருக்கிறது. இருந்தபடியே வரைந்தேன்.

முதலில் சென்னை நேர்முகம். அந்தப் படத்தையும் கொண்டுபோனேன். அங்கே இருந்தவர்கள் நல்லவர்கள். மிகவும் மரியாதையாகப் பேசினார்கள். படத்தைப் பாராட்டினார்கள். இடம் தருவதாக அப்போதே சொல்லிவிட்டார்கள். கூடவே ஒருவர் அன்பாகச் சொன்னார்: "நீங்கள் கவலைப்பட வேண்டாம். பையன்கள் வேலை நடக்கிற இடத்துக்குப் போகும்போது நீங்கள் வகுப்பிலேயே உட்கார்ந்து வரையலாம். சாரம் ஏறவோ வெயிலில் நிற்கவோ வேண்டியதில்லை."

அப்பாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். ரயிலில் ஏறினால் சென்னை சில மணி நேரம்தான். சனிக்கிழமை வீட்டுக்கு வந்துவிடலாம். திண்டிவனத்திலிருந்து மாமாக்கள்கூட வந்து, "இதுக்கு மேல இன்னா வேணும்?" என்றார்கள். எனக்கும் அதைவிட என்ன வேண்டும் என்று சொல்லத் தெரியவில்லை. ஆனாலும் பம்பாய் நேர்முகத்துக்கும் போய் வந்துவிடலாம் என்று அடம்பிடித்தேன். ரயில்வே பாஸ் இருந்ததால் அப்பா முணுமுணுத்துக்கொண்டே கிளம்பினார்.

பம்பாயில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. நடுவில் இருந்தவர் என் படத்தின் மேல் அடிக்கோல் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு இங்கிலீஷில், "இரண்டு தூணும் ஒரே அளவில் இல்லையே. தவறாக வரைந்திருக்கிறாய்" என்றார்.

தவறில்லை, அப்படித்தான் இருக்கிறது என்றேன்.

"ஒரு ராஜா செய்த கோயிலில் தூண் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருக்குமா? நீ அளந்ததில்தான் பிசகு." மேஜை மேல் ஒரு பென்சிலையும் ரப்பரையும் என் பக்கம் தள்ளினார். "பரவாயில்லை, இப்போதே சரி செய்துவிடு."

எதிரே இருப்பவர் எத்தனை கட்டடம் பார்த்தவர். நான் விழுப்புரத்திலிருந்து வந்த பெண். ரப்பரை எடுத்து ஒரு விரல் அகலத்தைத் தேய்த்துவிட்டால் முடிந்தது, படமும் அழகாகிவிடும். கை அதன் பக்கம் போகக்கூடப் போயிற்று.

"ரப்பர் வேண்டாம் ஐயா," என்றேன். "இரண்டு தடவை அளந்தேன். மறுமுனையை என் அம்மா பிடித்திருந்தாள். வித்தியாசத்தைக் கண்டுபிடித்ததே அவள்தான். இதை மாற்றினால் இது அந்தக் கோயில் இல்லை."

நடுவில் இருந்தவர் ரப்பரை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். "வந்தவர்கள் பாதிப் பேர், தவறு என்று நான் சொன்னதும் தங்கள் படத்தை அழித்துவிட்டார்கள்" என்றார். அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார். அப்புறம் கேள்வி மேல் கேள்வி. தூண் அடியிலும் மேலும் சதுரம், நடுவில் ஏன் எட்டுப் பட்டை? உள்ளே வெளிச்சம் எவ்வளவு தூரம் போகிறது? மேலே யார் ஏறினார்கள்? தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன். கடைசியாக ஒன்று கேட்டார்: "முதல் வருஷமே சாரம் ஏற வேண்டியிருக்கும். ஏறுவாயா?"

ஏறுவேன் என்று நான் சொன்ன வேகத்தில் மூன்று பேருமே சிரித்துவிட்டார்கள். இடம் கிடைத்தது.

இப்போது இரண்டு இடமும் கையில். விழுப்புரம் ஸ்டேஷனில் வந்து இறங்கியபோது அம்மா பிளாட்பாரத்திலேயே காத்திருந்தாள். அப்பா என்னைப் பார்த்து, "பாப்பா, ரெண்டுல எதுன்னு நீயே சொல்லு. மெட்ராஸ்னா பக்கம். நல்ல மனுஷங்க. கஷ்டமில்ல" என்றார்.

"பம்பாய்" என்றேன்.

அப்பா அம்மாவைப் பார்த்தார், அவளாவது தடுப்பாள் என்று. அம்மா, "இவ்ளோ நேரம் நின்னுக்கினு இன்னா யோசன? துணிமணி தைக்கக் குடுக்கணும், ஜல்தியா வாங்க" என்று முன்னால் நடந்தாள். அப்பா வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் ஸ்டேஷனே பார்த்திருக்கும். அன்று டியூட்டியில் இருந்த போர்ட்டர் முதல் ஸ்டேஷன் மாஸ்டர் வரை ஒருவர் விடாமல் நிறுத்தி, "எம் பொண்ணு பம்பாய்ல கட்டடம் கட்டப் படிக்கப் போவுது" என்று சொல்லிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்.

ஐந்து வருடம் படித்தேன். எங்கள் வகுப்பில் பெண்கள் இரண்டே பேர். சாரம் ஏறினேன், வெயிலில் கறுத்தேன், ஒருமுறை கால் சறுக்கிக் கையை உடைத்துக்கொண்டேன். பிறகு நாற்பது வருடம் கட்டடங்கள்தான் என் வாழ்க்கை. இன்றைக்கும் யாராவது என் மேல் உள்ள பிரியத்தால் "இது உங்களுக்கு வேண்டாம், கஷ்டம்" என்று ஒன்றை விலக்கி வைத்தால், கோபப்படாமல், அந்தக் கஷ்டத்தோடு சேர்த்து எனக்கு வர வேண்டிய வேறு எதெல்லாம் போய்விடுகிறது என்று ஒரு நிமிடம் நின்று பார்க்கிறேன்; அந்தக் கோடைக்காலம் எனக்குக் கற்றுக்கொடுத்தது அதைத்தான்.