இரண்டாம் தடவை விழுந்தவர்

ஈர மரத்தூளும் வியர்வையும் எண்ணெயும் கலந்த நாற்றம் இப்போதும் எங்காவது மூக்கில் ஏறினால் நான் அங்கே நிற்கமாட்டேன். ஐம்பதுகளின் கடைசியில், கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுக்கு அருகே, கொச்சங்காடிக் கிடங்குகளுக்குப் பின்னாலிருந்த மைதானத்தில் ஒரு குஸ்திக் கம்பெனி வந்து கூடாரம் போட்டது. கயிறு கட்டிய அந்த மேடையை நாங்கள் "கோதா" என்போம்.

அதில் தினமும் தோற்பதற்கென்றே அமர்த்தப்பட்டவர் முத்தண்ணன். எங்கள் வரிசையில் கடைசி வீட்டுக்காரர், பகலில் மிளகு மூட்டை சுமப்பவர். யார் ஜெயிப்பது, யார் விழுவது என்பதெல்லாம் முன்பே பேசிவைத்ததுதான் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் அடியும் பொய் என்றே நம்பினார்கள். எதிராளி அவரைத் தலைகீழாகத் தூக்கி, பிடரி தரையில் படும்படி போடும் "தலைகுத்து"தான் ஆட்டத்தின் முடிவு. அது பொய்யில்லை என்று அம்மாவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். அப்பா வேலைக்குப் போனபின், கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பிக்கொண்டு அவர் வருவார். அம்மா உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுப்பாள். "நாளுக்கு ஒரு தடவ தாங்கும் அக்கா. ரெண்டு தடவன்னா பின்னே எந்திரிக்க முடியாது" என்று அவர் சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

அப்பா நாடகப் பித்தர். ஒரு பாட்டுப் பிடித்துவிட்டால் "ஒன்ஸ் மோர்" என்று கத்தி, மறுபடி பாடவைத்தால்தான் அவருக்குத் திருப்தி. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எட்டு வயதுக்காரியான என்னைத் தோளில் வைத்துக்கொண்டு குஸ்திக்குப் போனார். அன்றைக்குத் தலைகுத்து அத்தனை கச்சிதம். முத்தண்ணன் கையூன்றி எழுந்துகொண்டிருக்கும்போதே அப்பா "ஒன்ஸ் மோர்" என்றார். நாடகம் பார்க்கிற ஜனம்தானே அங்கேயும், கூடாரமே பிடித்துக்கொண்டது. கம்பெனி முதலாளி சிரித்தபடி, இன்னொரு தடவை என்று ஒரு விரலைக் காட்டினான். முத்தண்ணன் உடம்போடு திரும்பி எங்கள் பக்கம் பார்த்தார். பிறகு போய் எதிராளியின் முன் நின்றார்.

இரண்டாம் தடவை விழுந்தவர் எழவில்லை. நடிக்கிறார் என்று இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். இரண்டு பேர் வந்து அக்குளில் கைகொடுத்து இழுத்தபோது தலை தனியாகத் தொங்கியது. அதற்கும் சிரித்தார்கள். சீ, என்ன ஜென்மங்கள்.

கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாமல் நாலு வருஷம் கிடந்தார். அப்பா ஒரே ஒரு நாள் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு பார்க்கப் போனார், கூட நானும். முத்தண்ணன் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "ரெண்டாமத்தது நல்லா இருந்துச்சோ, சேட்டா?" என்று கேட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அப்பா ஆரஞ்சை உரித்துக்கொண்டே இருந்தார்.

அந்த மைதானம் இன்று வீடுகளாகிவிட்டது. கூடாரக் கம்பெனிகள் போயின, அப்பாவும் போய்விட்டார். ஆட்டம் மட்டும் தொலைக்காட்சிக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஒருவன் பிடரியில் விழுவதை நிதானமாக நாலு கோணத்தில் காட்டுகிறார்கள். நான் எழுந்து உள்ளே போய்விடுவேன். எனக்குப் பயம் என்கிறார்கள் வீட்டில். பயமில்லை, அருவருப்பு. அதில் பாதி அப்பாவின் மேல், மீதி என் மேல். அம்மாவிடம்கூட நான் சொல்லாத ஒன்று உண்டு. முதலில் கத்தியது அப்பாதான்; ஒரு தடவைதான் தாங்கும் என்று தெரிந்த நான், அவர் தோளில் உட்கார்ந்துகொண்டு அவரைவிடப் பலமாகக் கத்தினேன்.