ஆளில்லாத அறைக்கு ஃபேன்

கண்டிக்குப் பக்கத்தில், அக்குறணைக் கடைவீதியில் வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவது கீழ்த்தளங்கள். நான் வேலை செய்யும் இரத்தப் பரிசோதனைக்கூடத்தில் ஒரு வெள்ளத்தோடு பழைய ரிப்போர்ட் கோப்புகள் அத்தனையும் சேறாகிப் போயின. கணினியை மட்டும் யாரோ தலையில் தூக்கி மாடிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அது நான் நாவலப்பிட்டியிலிருந்து இங்கே வேலைக்கு வருவதற்கு முன். கணினிப் பொறுப்பை என்னிடம் தந்தபோது முதலாளி, ஊருக்கே அவர் ஹாஜியார், ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"மகள், சேர்வர் மேலதான் ஈக்கணும். தண்ணி ஏறாத எடத்துல."

தண்ணீர் ஏறாத இடம் என்பது தகரக் கூரைக்கு நேர் கீழே ஜன்னல் இல்லாத ஒரு சாமான் அறை. பங்குனி மாதப் பகலில் அதற்குள் நின்றால் மூக்குக்கண்ணாடி வியர்வையில் வழுக்கும். ஏசி கேட்டேன்.

"கண்டியில ஏசியா? இது என்ன கொழும்பா?" என்று சிரித்தார். கீழ்த்தளத்துச் சுவரில் வெள்ளக்கறை இன்னும் இருந்தது. அதற்குப் பெயின்ட் அடிக்கவே காசில்லை என்று எனக்குத் தெரியும், மறுபடி கேட்கவில்லை.

கைக்கு எட்டியதை வைத்துச் செய்தேன். ஒன்று, சுவரின் உச்சியில் சூட்டை வெளியே தள்ளும் ஒரு ஃபேன். இரண்டு, கதவின் அடியை அறுத்து நுளம்பு வலை அடித்தேன், படிக்கட்டுப் பக்கத்துக் குளிர்ந்த காற்று அதன் வழியே வரும். மூன்று, பரிசோதனை மருந்துகள் வந்திறங்கும் சூடு கடத்தாத வெள்ளை றெஜிஃபோம் நுரைப் பெட்டிகளைப் பிரித்துக் கூரைக்கு அடியில் ஒட்டினேன். சேர்வரின் பிளக்குக்கு மேல் 'கை வைக்க வேண்டாம்' என்று எழுதி ஒட்டினேன். பழைய குளிர்சாதனப் பெட்டியில் கிடந்த ஒரு வெப்பமானியையும் உள்ளே மாட்டினேன். அன்றைய அதிகபட்சச் சூட்டை அது நினைவில் வைத்திருக்கும்.

சில வாரங்கள் எல்லாம் ஒழுங்காக ஓடியது. பிறகு வெயில் இன்னும் ஏறிய ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் சேர்வர் தானாக நின்றது. அடுத்த வெள்ளியும் நின்றது.

வெள்ளிக்கிழமைகளில் ஆண்கள் ஜும்ஆத் தொழுகைக்குப் போக, முன்கதவைப் பாதி சாத்திவிட்டுக் கீழே நாங்கள் பெண்கள் சாப்பிடுவோம். கவுன்டரில் இருப்பவரை எல்லோரும் 'தாத்தா' என்பார்கள். இங்கே அக்காவுக்கு அதுதான் சொல். எங்கள் பக்கத்தில் அது பாட்டனைக் குறிக்கும், ஆகவே எனக்கு முதல் வாரம் வாயே வரவில்லை. அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்:

"ஒங்கட மெஷினுக்கும் ஈமான் வந்துட்டு போல. அதுவும் ஜும்ஆவுக்குப் போகுது."

எல்லோரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை. சூட்டில் நின்று எழும்பும் ஒவ்வொரு முறையும் டிஸ்க் 'டக், டக்' என்றது. முன்பு அந்தச் சத்தம் இல்லை. வேறொரு டிஸ்க்குக்குப் பிரதி எடுத்துக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் பிரதி எடுக்கும்போது சூடு இன்னும் ஏறும். எனவே காலைக் குளிரில் மட்டும், துண்டு துண்டாக, பழைய வருஷத்திலிருந்து வரிசையாக எடுத்து வந்தேன்.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது ஒரு மாமி. ஆற்றோரம் வீடு. மாதா மாதம் சிறுநீரகப் பரிசோதனைக்கு வருவார். அந்தப் பரிசோதனை எண் மாதத்துக்கு மாதம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பார்த்துத்தான் டொக்டர் டயாலிசிஸ் தொடங்குவதா, பொறுப்பதா என்று முடிவெடுப்பார். மாமியின் வீட்டுக் கடதாசிகளும் வெள்ளத்தோடு போனவை. கடைசியாக வந்த காகிதங்களைக்கூட அவர் வைத்துக்கொள்வதில்லை.

"எனத்துக்கு மகள் கடதாசி? என்ட கணக்கெல்லாம் ஒங்கட பெட்டியில ஈக்கிதானே."

நான் எப்போது ஓடிப்போய்ப் பார்த்தாலும் ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது. வெப்பமானி மட்டும் நடுவில் ஒரு நேரம் அறை கொதித்திருக்கிறது என்று காட்டியது. கரண்டைச் சந்தேகித்தேன். வயரைச் சந்தேகித்தேன். மூன்றாவது முறையும் நின்ற பிறகு, அடுத்த வெள்ளி சாப்பிடப் போகாமல், வெளிச்சத்தை அணைத்துவிட்டு மாடியறையிலேயே ஒரு பெட்டி மேல் உட்கார்ந்தேன்.

கீழே ஒவ்வொரு அறையாகச் சுவிட்சுகள் அணையும் சத்தம் கேட்டது. பிறகு படியில் காலடி. அத்தர் வாசனை. கதவு கொஞ்சம் திறந்தது. வெள்ளை ஜுப்பாவின் கை ஒன்று, பார்க்காமலே, பழகிய இடத்துக்கு நீண்டு சுவிட்சை அழுத்தியது. ஃபேன் வேகம் குறைந்து நின்றது.

"ஹாஜியார்!"

"யா அல்லாஹ்!" என்று பின்வாங்கினார். "நீங்க உள்ளயா? ஆருமில்லண்டு நெனச்சேன் மகள்."

"யாருமில்லாதப்பவும் ஓடணும்ங்க. ஃபேன் எனக்கில்ல, சேர்வருக்கு."

"ஆளில்லாத ரூமுக்கு ஃபேனா? அது வீண்விரயமில்லையா?" உண்மையாகவே கேட்டார். "எங்கட வாப்பா காலத்துல இருந்து பள்ளிக்குத் தொழப் போக முந்தி எல்லாத்தையும் அணச்சிட்டுத்தான் போவோம். வந்து நானே திரும்பப் போடுறேனே. ஒங்கட பிளக்கில கை வெக்கவும் இல்ல."

அது உண்மைதான். என் எழுத்து பிளக்கின் மேல்தான் இருந்தது. ஃபேனின் சுவிட்சில் எதுவும் இல்லை. சேர்வர் ஏன் நின்றது என்று மூன்று வாரமாக என்னைக் குடைந்தவர் அவர். இப்போது அவருக்கே விளங்கியது. முகம் ஒரு மாதிரியானது. வெளியே பள்ளிவாசலில் பயான் பிரசங்கம் தொடங்கியிருந்தது. அவரே சுவிட்சைப் போட்டார்.

மறுநாள் அவரே வயர் வேலைக்காரரைக் கூட்டி வந்து அந்தச் சுவிட்சைக் கழற்றி, ஃபேனை நேராக இணைக்கச் சொன்னார். "என்ட கைய நம்பேலா மகள். அது பழகின கை."

அடுத்த வெள்ளி சேர்வர் நிற்கவில்லை. ஆனால் டிஸ்க்கின் சத்தமும் நிற்கவில்லை. திங்கட்கிழமை காலை டிஸ்க் திறக்கவே மறுத்தது. என் பிரதியில் பழைய வருஷங்கள் ஒழுங்காக இருந்தன. டொக்டருக்கு வேண்டிய கடைசி மாதங்கள் வரிசையில் இன்னும் வரவேயில்லை.

அந்த வாரமே மாமி வந்தார். நானே சொல்ல வேண்டும் என்று கவுன்டருக்கு இறங்கினேன். ஹாஜியாரும் வந்து பக்கத்தில் நின்றார். முழுவதும் கேட்டுவிட்டு மாமி முந்தானையைச் சரிசெய்தார். கோபப்படவில்லை.

"அப்ப இவ்வளவு நாளும் நான் எப்புடி ஈந்தேன்டு ஆருக்குத் தெரியும்?"

ஹாஜியார் தரையைப் பார்த்தார். போனில் கேட்டபோது டொக்டர் அன்றைக்கு ஒரு முறை, இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை இரத்தம் எடுக்கச் சொன்னார். அதுவரை முடிவெடுக்க முடியாது, பொறுத்திருந்து பார்ப்போம் என்றார். மாமியின் கால்கள் வீங்கியிருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன்.

அன்றைய எண்ணைப் புது டிஸ்க்கிலும் பிரதியிலுமாக இரண்டு இடங்களில் பதிந்தேன். காகிதத்திலும் அச்சடித்து, மடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு அவர் கையில் கொடுத்தேன். இந்த முறை வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.